மூட்டைப்பூச்சி வந்த வழி

எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்தது. இதை எழுதுவதற்கு முன் உம்மாவிடம் அனுமதி கேட்டேன். "வேற விஷயம் கெடைக்கல்லயா ஒனக்கு?" என்றார். கொஞ்ச நேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி எழுது. ஆனா இப்ப இல்ல எண்டும் எழுது" என்றார். ஆகவே அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இப்போது இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எங்கள் ஊர் சம்மாந்துறை. வாப்பா வயல் செய்கிறார். உம்மா காலையில் ஒரு தடவையும் அஸருக்குப் பின்னர் ஒரு தடவையும் முற்றம் கூட்டுவார். யாராவது கால் கழுவாமல் தொழுகைப் பாயை மிதித்துவிட்டால் அன்றைக்கு வீடு இரண்டுபடும். அப்படிப்பட்ட வீட்டில்தான் அது வந்தது. மூட்டைப்பூச்சிக்குச் சுத்தமான வீடு, அழுக்கான வீடு என்ற வேறுபாடு இல்லை என்பதை நான் பிற்பாடுதான் வாசித்து அறிந்தேன். அது அழுக்கைத் தின்பதில்லை. இரத்தம் ஒன்றே அதன் உணவு. இரவில் மனிதர் படுக்கும் ஓர் இடமும், பகலில் ஒளிந்திருக்க ஒரு வெடிப்பும் இருந்தால் அதற்குப் போதும். இதை அன்றைக்கே தெரிந்துகொண்டிருந்தால் எங்கள் வீட்டில் நடந்தவற்றில் பாதி நடந்திருக்காது.

சென்ற வருடம் நோன்புக்கு ஏறக்குறைய ஆறு கிழமை இருக்கும்போது தம்பியின் தொடையில் சிவந்த தடிப்புகள் கண்டன. அவனுக்கு அப்போது ஒரு வயது, தவழ்கிற காலம். நுளம்பு என்று நினைத்து உம்மா வலையை இறுக்கிக் கட்டினார். அடுத்த கிழமை தங்கச்சியின் கையில் மூன்று தடிப்புகள் ஒரே வரிசையில் இருந்தன. பிறகு எனக்கு. வாப்பாவுக்கு ஒன்றும் இல்லை. எங்களோடு இருந்த சின்ன உம்மம்மாவுக்கும் ஒன்றும் இல்லை.

சின்ன உம்மம்மா என்பது எங்கள் உம்மம்மாவின் தங்கை. உம்மம்மா மௌத்தாகிப் பல வருடங்களாகிவிட்டன. எங்கள் பக்கத்து வழக்கப்படி சின்ன உம்மம்மா தன்னுடைய வீட்டை ஒரே மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டிலேயே பின்பக்கத்து அறையில் இருந்துவந்தார். மருமகன் அந்த வீட்டின் மேல் மாடி கட்டத் தொடங்கியதும் பின்னறையை இடித்துவிட்டார்கள். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப் பை, சுருட்டிய பன்பாய் ஒன்று, இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று. அந்தத் தலையணையின் பஞ்சு, அவருடைய கணவர் உயிரோடு இருந்த காலத்தில் வளவில் நின்ற மரத்திலிருந்து எடுத்தது. அந்த மரமும் இப்போது இல்லை.

பூச்சியை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அதுவும் கண்ணால் அல்ல. ஒரு நாள் மஃரிபுக்குப் பின்னர் எங்கள் அறைக்குள் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கைச் சுருக்கி இரண்டு தடவை மூச்சை இழுத்தார்.

"மகள், இஞ்ச மூட்டப்பூச்சி இரிக்கி."

உம்மா சிரித்தார். சின்ன உம்மம்மா சிரிக்கவில்லை. டோர்ச்சை வாங்கி, என் கட்டிலில் விரிப்பைத் தூக்கி, மெத்தையின் ஓரத் தையலை விரலால் பிரித்துக் காட்டினார். பேனை மை தெறித்ததுபோல் கறுப்புப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே தட்டையாக, செம்மண் நிறத்தில், துவரம் பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்று அசைந்தது. அதை நகத்தில் வைத்து நசுக்கியதும் ஒரு மணம் வந்தது. பச்சை மல்லி இலையைக் கசக்கி, அதில் ஏதோ கெட்டுப்போனதைக் கலந்தது போன்ற மணம். எனக்கு இன்றும் மல்லி இலை போட்ட சம்பல் அவ்வளவாக இறங்குவதில்லை.

அன்றிரவு அவர் தன் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னார். அந்தக் காலத்தில் மலேரியாக்காரர் என்று ஊரார் சொல்லும் ஆட்கள் வருடத்தில் ஓரிரு தடவை வருவார்களாம். தோளில் மருந்துத் தாங்கி, கையில் நீண்ட குழாய். வீட்டுச் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்தால் சுவர் முழுக்க வெள்ளையாக டீடீடி அடித்துவிட்டுப் போவார்கள். "நுளம்பு சாகுதோ இல்லயோ, மொதல் மொதல் அடிச்சப்ப மூட்டப்பூச்சி மழ மாதிரிக் கொட்டின. பொறகு பொறகு அடிச்சா அது சிரிக்கும்." இதைக் கேட்டு நாங்களும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது உண்மை. இலங்கையில் மலேரியாவுக்காக வீடுகளுக்கு டீடீடி தெளிப்பது 1940களின் நடுப்பகுதியில் தொடங்கியது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளிகளே பதிவாகும் அளவுக்கு அது பலன் தந்தது. மூட்டைப்பூச்சிகளும் அதில் செத்தன. தப்பியவை பெருகின. அந்த மருந்து பாதிக்காத பூச்சிகளே மிஞ்சின. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நம் நாட்டு மூட்டைப்பூச்சிகள் டீடீடி உட்படப் பல பூச்சிகொல்லிகளுக்குத் தாக்குப்பிடிக்கின்றன என்று காட்டியது. சின்ன உம்மம்மா அதையே "அது சிரிக்கும்" என்ற இரண்டு சொல்லில் சொல்லியிருந்தார்.

மறுநாள் மாமி வந்தார். வாப்பாவின் ராத்தா; பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர். உம்மா அழாத குறையாக விஷயத்தைச் சொன்னார். மாமி குரலைத் தாழ்த்தினார். ஆனால் மாமியின் தாழ்ந்த குரல் எல்லோருக்கும் கேட்கும்.

"எங்கிருந்து வந்த எண்டு நான் சொல்லணுமா? பாய், தலவாணி எல்லாம் சுருட்டிக்கொண்டு வந்தது ஆரு? மணத்திலேயே கண்டுபுடிச்சாவாம். பழக்கம் இல்லாட்டி எப்பிடித் தெரியும்? அவவ மட்டும் கடிக்கல்லயே, பாத்தியளா?"

உம்மா எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே மாமிக்குப் போதுமாக இருந்தது. அன்று பின்னேரம் சின்ன உம்மம்மா தானாகவே தன் தலையணையை எடுத்துக்கொண்டு வளவின் மூலைக்குப் போனார். சருகு எரிக்கும் இடத்தில் வைத்து, மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றி நெருப்பு வைத்தார். இலவம்பஞ்சு சட்டென்று பிடித்து எரியும். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாளில், மாடி வேலை முடியாமலே, சீமெந்துப் பைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வதாகச் சொல்லித் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது நான் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. அந்தப் பூச்சியைக் கொண்டுவந்தவள் நான்.

அதற்கு முந்திய விடுமுறையில் உயிரியல் செமினார் ஒன்றுக்காகக் கண்டிக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் தங்கியிருந்தேன். அந்த அனுமதியை வாங்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வாப்பா முதலில் முடியாது என்றார். மாமி, குமர்ப் பிள்ளையை வெளியூரில் தங்க விடுவதா என்றார். உம்மாதான் கடைசியில் எனக்காகப் பேசினார். ஒரு வீட்டின் மேல்மாடியில் ஏழு பிள்ளைகள் ஒரே அறையில் தங்கினோம். மூன்றாம் நாள் காலையில் என் கழுத்தில் தடிப்புகள். பக்கத்து மெத்தையில் படுத்திருந்த பிள்ளை, "இது மூட்டப்பூச்சி. வீட்ட போய்ச் சொல்லிராத, பொறகு ஒரு நாளும் விட மாட்டாங்க" என்றாள். நான் சொல்லவில்லை. மஹியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவும் இறங்கி வீடு வந்ததும், பயணப் பையை அப்படியே என் கட்டிலின் கீழே தள்ளிவிட்டேன். சின்ன உம்மம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கு மூன்று கிழமைக்குப் பின்னர்.

மாமி பேசிய அன்று, தலையணை எரிந்த அன்று, எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இரண்டு வழியாலும் வந்திருக்கலாம்தானே என்றும் நினைத்துக்கொண்டேன். பிறகு பையை இழுத்துத் திறந்து பார்த்தேன். அடித் தையலின் மடிப்பில் வெள்ளை முட்டைகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர் அளவு. உரித்துப் போட்ட தோல்கள், குட்டிகள், பெரியவை என்று எல்லாப் பருவமும் அங்கே இருந்தன. மூட்டைப்பூச்சி முதிர்வதற்கு ஐந்து தடவை தோல் உரிக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் முன்னர் ஓர் இரத்த உணவு வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் முட்டையிலிருந்து முதிர்ந்த பூச்சியாக ஐந்தாறு கிழமை போதும். கணக்கு நேரே கண்டிக்குப் போனது. அந்தப் பையை நான் மறைத்து எடுத்துப்போய், சின்ன உம்மம்மாவின் தலையணைச் சாம்பல் கிடந்த அதே இடத்தில் எரித்தேன். கேட்டவர்களுக்கு, பையின் வார் அறுந்துவிட்டது என்று சொன்னேன்.

கடிபட்ட அடையாளம் அவருக்கு ஏன் வரவில்லை என்பதையும் பிறகு அறிந்தேன். கடிக்கும்போது அந்தப் பூச்சி செலுத்தும் உமிழ்நீருக்கு எல்லா உடலும் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதில்லை. சிலருக்குத் தடித்து வீங்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. வயதானவர்களுக்குத் தடிப்பு வராமலிருப்பது புதுமையல்ல. வாப்பாவுக்கும்தான் தடிப்பு இல்லை. வாப்பா கொண்டுவந்தார் என்று யாரும் சொல்லவில்லையே!

சின்ன உம்மம்மா போன பிறகும் பூச்சி போகவில்லை. மாமியின் கூற்றுக்கு அது நல்ல பதில். ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. நோன்புக்கு வீடு கழுவும் நாளும் நெருங்கியது. உம்மாவுக்கு இரவில் தூக்கம் இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் மெத்தைக் கதிரையில் இருக்கவிடாமல் பிளாஸ்டிக் கதிரையை எடுத்துப் போடுவார். கடையில் நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிரே மூன்று போத்தல் வாங்கி அடித்தோம். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள், அதுவரை பூச்சி இல்லாத பக்கத்து அறையிலும் கண்டோம். செத்தவை சில, மற்றவை இடம் மாறிக்கொண்டன, அவ்வளவுதான்.

ஒரு நாள் இரவு வாப்பா வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கரைத்துத் தாங்கியில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். கூட்டாளி ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். உம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். "இது புள்ள தவழுற தரை. இதுல அடிக்கிறதெண்டா மொதல்ல எங்கள வெளிய அனுப்பிட்டு அடிங்க. பொறகு நாங்க திரும்பி வர மாட்டம்." வாப்பா தாங்கியைத் திரும்பக் கொண்டுபோனார். உம்மா பாடசாலையில் எட்டாம் வகுப்போடு நின்றவர். பயிருக்கென்று தயாரித்த நஞ்சை வீட்டுக்குள்ளே அடிப்பது பூச்சியைவிட மனிதருக்கே ஆபத்து என்பதை அவருக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

கடைசியில் எங்களுக்கு உதவியது வெந்நீரும் பொறுமையும்தான். கட்டில்களைக் கழற்றிப் பலகை பலகையாக முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். ஆணித் துளை, பொருத்து, வெடிப்பு எல்லாவற்றிலும் கேத்தலால் கொதிநீர் ஊற்றினோம். ஏறக்குறைய 50 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு மேல் பூச்சியும் முட்டையும் தாங்காது. ஆனால் அந்த வெப்பம் அது ஒளிந்திருக்கும் இடத்துக்கே போய்ச் சேர வேண்டும். மெத்தையை வெயிலில் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மேற்புறம்தான் சுடும், உள்ளே இருப்பவை நிழல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். அதனால் மெத்தைத் தையல் ஒவ்வொன்றிலும் ஈரத்துணியை விரித்து அதன் மேல் சூடான அயனை அழுத்தி மெதுவாக நகர்த்தினோம். நான்கு மெத்தைகள். ஒரு மெத்தைக்கு ஒரு மணித்தியாலம். உடுப்புகளையும் விரிப்புகளையும் பெரிய சட்டியில் அவித்தோம். அவிக்க முடியாதவற்றை வாப்பா கொண்டுவந்த புதுப் பொலித்தீன் பைகளில் போட்டு வாயைக் கட்டி மாதக் கணக்கில் திறக்காமல் வைத்தோம். என் உயிரியல் குறிப்புகளும் இரண்டு மாதம் அப்படிக் கைதியாகக் கிடந்தன. மூட்டைப்பூச்சி இரத்தமில்லாமல் பல மாதம் உயிரோடிருக்கும் என்று வாசித்திருந்ததால் அவற்றைத் திறந்தபோதும் ஒவ்வொரு தாளாக வெளியே வைத்துத்தான் தட்டினேன்.

கட்டிலைத் திரும்பப் பூட்டியதும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு, நான்கு கால்களையும் சிரட்டைகளுக்குள் வைத்து, தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊற்றினோம். இது சின்ன உம்மம்மா போகும்போது உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போன முறை. அந்தப் பூச்சிக்குச் சிறகில்லை, பாயவும் தெரியாது, ஊர்ந்து ஏறத்தான் வேண்டும். தரையைத் தொடாமல் வலையையும் விரிப்பையும் செருகிவிட்டால் ஏற வழியில்லை. காலையில் சிரட்டையில் மிதப்பவற்றை எண்ணுவது தங்கச்சியின் வேலை. முதல் நாள் பதினாறு. அவள் அதைக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள்.

நோன்பு தொடங்கும்போது எண்ணிக்கை பூச்சியமாகிவிட்டது. உம்மா ஷுக்ர் செய்து தொழுதார். பத்தாம் நோன்பன்று சகருக்கு எழும்பியபோது தங்கச்சியின் கையில் திரும்பவும் தடிப்பு. உம்மா அப்படியே தரையில் இருந்துவிட்டார். தப்பிய முட்டைகள் பொரித்துவிட்டன. முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு கிழமை முதல் பத்து நாள் எடுக்கும். அதனால் ஒரு தடவை செய்ததை இரண்டு கிழமைக்குள் திரும்பச் செய்யாவிட்டால் முதல் தடவை பட்ட பாடெல்லாம் வீண். நோன்போடு மீண்டும் கட்டில் கழற்றினோம். விடியற்காலைக்கு முந்திய நேரத்தில்தான் அது அதிகமாக வெளியே வரும். சகருக்கு எல்லோரும் எழும்புவதால் டோர்ச்சும் ஊசியுமாக வேட்டையாட எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? வாப்பா அவ்வளவு நேரம் எங்களோடு தரையில் இருந்து பேசியது அந்த நாட்களில்தான்.

ஆனால் அந்தத் தரையில் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. பன்பாய் விரித்திருந்த மூலை. ஒவ்வொரு நாளும் தராவீஹ் தொழுதுவிட்டுக் கையேந்தும்போது எனக்கு வார்த்தை வரவில்லை. ஓர் ஆளுக்குச் செய்த அநியாயத்துக்கு அந்த ஆளிடமே மாப்புக் கேட்க வேண்டும் என்று நமக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லித் தருகிறார்கள்.

இருபதாம் நோன்பன்று லுஹருக்குப் பின்னர் தனியாகப் போனேன். சின்ன உம்மம்மா படிக்கட்டின் கீழே, சீமெந்துத் தூசி படிந்த தரையில் பாயை விரித்து, சோற்றரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் சுருட்டி வைத்த பழைய சாரி ஒன்று. எல்லாவற்றையும் சொன்னேன். கண்டி, பை, முட்டைகள், நான் எரித்தது, எதையும் விடவில்லை.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. கல் பொறுக்கும் விரலும் நிற்கவில்லை.

"எண்ட தலவாணிய எரிக்கக்குள்ள ஜன்னலுக்க நிண்ட நீதானே?"

"ஓம்."

"அண்டைக்கே தெரியுமா ஒனக்கு?"

"நிச்சயமாத் தெரியாது... ஆனா தெரியும்."

நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். "பொறுத்துக்குங்க உம்மம்மா" என்றேன். "நான் பொறுத்துத்தான் இருந்தன்" என்றார். பிறகு சுளகை ஒரு பக்கம் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "எனக்கு வந்து சொல்லி என்ன புள்ள? நான் கொண்டு வரல்ல எண்டு எனக்குத் தெரியும். தெரியாத ஆக்களுக்குப் போய்ச் சொல்லு."

அதுவரை, அவரிடம் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்கக் கால் நடுங்கியது. அன்று மாமி கஞ்சி கொண்டுவந்திருந்தார். எங்களோடுதான் நோன்பு துறந்தார். பேரீச்சம்பழத் தட்டைச் சுற்றி எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. மாமி கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஒண்டும் அவவத்தான் எண்டு சொல்லல்லயே" என்றார். யாரும் பதில் பேசவில்லை. வாப்பா எழுந்து தொழப் போனார். உம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் வாயத் தொறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கணும்" என்றார். என்னைப் பற்றிச் சொல்லவில்லை, தன்னைப் பற்றித்தான் சொன்னார்.

வாப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அடுத்த செமினார் எப்போது என்று கேட்டார். வரும்போது பையை முற்றத்திலேயே திறக்க வேண்டும், உடுப்பு நேரே கொதிநீருக்குப் போக வேண்டும் என்பது நிபந்தனை. இன்றுவரை அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். மாமி கொழும்புக்குப் போய் வந்தாலும் எங்கள் வீட்டில் அவருடைய பைக்கும் அதே சட்டம்தான்.

பெருநாளைக்கு முந்திய நாள் உம்மாவும் நானும் சின்ன உம்மம்மாவிடம் போனோம். உம்மா புது இலவம்பஞ்சு வாங்கித் தன் கையாலேயே தைத்த தலையணை, மருதமுனைக் கைத்தறித் துணியில் உறை. உம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்; எனக்குக் கேட்கவில்லை. இருவரும் கொஞ்சம் அழுதார்கள். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம். வாறன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தலையணையை வாங்கியவர் உடனே உள்ளே கொண்டுபோகவில்லை. வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், உறையைக் கழற்றி, நான்கு பக்கத் தையலையும் நகத்தால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஒரு தடவை மோந்தும் பார்த்தார். பிறகுதான் அதைத் தன் பாயில் வைத்தார்.